நடுவாண்டில் மாற்றல்: கூட்டிப்போவதா, பாட்டி வீடா, ஹாஸ்டலா?

வேலையில் மாற்றல் உத்தரவு வந்த அன்றே பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள். உறவினர் வாயால் தெரியவந்தால் அடுத்து நீங்கள் எது சொன்னாலும் எடுபடாது. அபிப்பிராயம் கேளுங்கள், ஆனால் "நீயே முடிவு பண்ணிக்கோ" என்று பாரத்தை அதன் தலையில் வைக்காதீர்கள்.

பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளை என்றால் யோசிக்கவே வேண்டாம், கூட்டிப்போங்கள். பதினொன்றில் குரூப் புதிது, வகுப்பில் பலரும் புதுமுகங்கள்; ஒட்டிக்கொள்வது சுலபம். பத்து, பன்னிரண்டின் நடுவில்தான் சிக்கல். சிபிஎஸ்இ-யில் பெற்றோர் மாற்றலைக் காட்டிப் பத்தாம் வகுப்பில் சேரலாம். ஆனால் புதுப் பள்ளி வாரியத்தின் ஒப்புதலைப் பெற்றாக வேண்டும். மாற்றல் உத்தரவின் நகல், ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், டி.சி. மூன்றும் கையில் இருக்கட்டும். வேறு மாநிலம் என்றால் டி.சி.யில் கல்வி அதிகாரியின் மேலொப்பமும் கேட்கலாம். பலர் சறுக்குவது மொழிப் பாடத்தில்: இங்கே படித்த இரண்டாம் மொழி அங்கே இருக்காது. அதை விசாரித்து, இடம் உறுதி என்று எழுத்தில் வாங்கிய பிறகே டி.சி.க்கு விண்ணப்பியுங்கள்.

பொதுத்தேர்வு ஆண்டு என்றால் நாங்கள் சொல்வது பாட்டி வீடு. பள்ளியும் நண்பர்களும் மாறுவதில்லை. அம்மா அல்லது அப்பா தேர்வுவரை உடன் தங்க முடிந்தால் இன்னும் நல்லது. இந்த ஏற்பாடு கெடுவது அதிகாரக் குழப்பத்தால். போனை எத்தனை மணிக்கு வாங்கி வைப்பது, டியூஷனிலிருந்து எப்போது திரும்புவது, பள்ளிக் கூட்டத்துக்கு யார் போவது என்பதைப் போகும் முன்பே பாட்டி, பிள்ளை, நீங்கள் மூவரும் உட்கார்ந்து பேசி முடியுங்கள். பூட்டக்கூடிய ஓர் அலமாரியும் வாரச் செலவுக்குப் பணமும் பிள்ளை கையில் இருக்கட்டும். ஒவ்வொன்றுக்கும் கை நீட்ட வைத்தால் அது அந்த வீட்டில் விருந்தாளியாகவே இருக்கும். தினமும் ஒரே நேரத்தில் பேசுங்கள். முதல் கேள்வி மார்க்காக இருக்கவேண்டாம். பாட்டி மனம் நோகக்கூடாது என்று "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றே பதில் வரும். சாப்பாடு, தூக்கம் என்று தனித்தனியாகக் கேட்டால்தான் உண்மை வெளிவரும்.

ஹாஸ்டலைக் கடைசியில் வையுங்கள். அதை நேரில் பார்க்கப் போகும்போது இரவுச் சாப்பாட்டு வேளையில் போங்கள். வார்டன் இரவில் அங்கேயே தங்குகிறாரா என்று கேளுங்கள். வீட்டில் பெற்றோர் பிரிவோ சாவோ நடந்த ஆண்டில் ஹாஸ்டல் வேண்டவே வேண்டாம். தன்னை வெளியே தள்ளிவிட்டார்கள் என்றுதான் பிள்ளை எடுத்துக்கொள்ளும்.

எந்த வழியானாலும், இரண்டு வாரம் தாண்டியும் தூக்கமோ சாப்பாடோ சரியாகாமல் பள்ளிக்குப் போக மறுத்தால் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் 24 மணி நேரமும் இலவசமாகப் பேசலாம், பிள்ளையே கூப்பிடலாம். அந்த எண்ணை அதன் போனில் இன்றே பதிந்து கொடுங்கள்.