‘பாராசூட் துணி’ என்று நம்பி 960 வெள்ளியை இழந்தேன்: தையல்காரர்களே, கவனம்!

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தையல் கடை வைத்திருக்கிறேன். மலையேறப் போகும் தோட்டத்து இளைஞர்கள், இரவில் மரங்களுக்கிடையே கட்டிப் படுக்கும் தூளிகளை என்னிடம்தான் தைக்கக் கொடுப்பார்கள். அதற்காக ஓர் இணையச் சந்தைக் கடையில் பாராசூட் துணியும் பாராசூட் கயிறும் வாங்கி, 960 வெள்ளியை (ரிங்கிட்) பறிகொடுத்த ஆத்திரத்தோடு இதை எழுதுகிறேன். சரக்கை எப்படிச் சோதித்து வாங்குவது என்பதையும் சொல்கிறேன்.

விற்றவர் தமிழர். “அக்கா, நம்ம ஆளுங்ககிட்ட பொய் சொல்லுவேனா?” என்றுதான் பேச்சைத் தொடங்கினார். முன்பு பாராசூட்டுகள் பட்டில் தைக்கப்பட்டதையும், இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியப் பட்டு அமெரிக்காவுக்குக் கிடைக்காமற்போனதும் நைலான் அந்த இடத்துக்கு வந்ததையும், 1942 ஜூனில் அடலின் கிரே என்ற பெண் நைலான் பாராசூட்டில் குதித்துக் காட்டியதையும் அவ்வளவு தெளிவாக விளக்கினார். அதில் எதுவும் தவறில்லை. இவ்வளவு தெரிந்தவர் நல்ல சரக்குதான் வைத்திருப்பார் என்று நம்பிப் பணத்தைக் கட்டினேன்.

வந்த துணியைப் பாருங்கள். பாராசூட் துணி என்று நாம் கேட்டு வாங்கும் ரிப்ஸ்டாப் நைலானில் குறிப்பிட்ட இடைவெளியில் தடித்த இழைகளைக் குறுக்கும் நெடுக்குமாகச் சேர்த்து நெய்திருப்பார்கள். கிழிசல் அந்தக் கட்டத்தைத் தாண்டி எளிதில் ஓடாது. எனக்கு வந்ததிலோ கட்டங்கள் மேற்புறத்தில் அச்சடிக்கப்பட்டிருந்தன. திருப்பினால் வெறும் துணி. கத்தரியால் ஓரத்தில் சிறிது வெட்டி இழுத்ததும் மறுகரை வரை சர்ரென்று கிழிந்தது. ஒரு துண்டைக் கொளுத்தினால் கரும்புகையும் கரியுமாக எழுந்தது. அது மலிவான பாலியஸ்டர். கயிறு அதைவிட மோசம். சுமார் 250 கிலோ தாங்கும் என்று விற்கப்படும் கயிற்றின் உறைக்குள் பொதுவாக ஏழு முறுக்கிழைகள் இருக்கும். இதை அறுத்தபோது முறுக்கே இல்லாத வெள்ளைப் பஞ்சுதான் பிதுங்கியது. நைலான் நீரைவிடக் கனமானது. இந்தக் கயிறோ, வாளி நீரில் முக்கிப் பிழிந்து விட்ட பிறகும் மிதந்தது. இதை நம்பிப் பள்ளத்தின் மேல் தூளி கட்டிப் படுத்திருந்தால் அந்தப் பிள்ளைகளின் கதி என்ன?

படங்களை அனுப்பியதும், “சரக்கு மாறிப் போச்சு அக்கா, புதுசு அனுப்புறேன், புகார் மட்டும் போட்டுடாதீங்க” என்றார். பிறகு மொத்த வியாபாரிமீது பழி போட்டார்; அடுத்து, கப்பல் தாமதம் என்றார். அதற்குள் பணத்தைத் திரும்பக் கேட்பதற்கான கெடு முடிந்து, அதுவரை சந்தைத் தளம் பிடித்து வைத்திருந்த 960 வெள்ளியும் அவர் கணக்குக்குப் போய்விட்டது. அதன்பின் நான் அனுப்பும் செய்திகளைப் படிக்கிறார், பதிலே இல்லை. சந்தைத் தளத்தாரோ, கெடு தாண்டிவிட்டதால் தாங்கள் தலையிட முடியாது என்ற ஒரே வாசகத்தைத் திரும்பத் திரும்ப அனுப்புகிறார்கள். இளைஞர்களுக்கு முன்பணத்தை என் கைக்காசிலிருந்து திருப்பிக் கொடுத்தேன்.

துணியின் பின்புறத்தைக் காட்டும் படம் கேளுங்கள். கயிற்றை அறுத்துக் காட்டும் காணொளி கேளுங்கள், மறுத்தால் வாங்காதீர்கள். மாற்றுச் சரக்கு வருகிறது என்று யார் சொன்னாலும், கெடுவுக்குள் தளத்திலேயே புகாரைப் பதிந்துவிடுங்கள். பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனுக் கட்டணம் 5 வெள்ளிதான்; என் 960 வெள்ளிக்காக நான் அங்கே மனுச் செய்யப் போகிறேன்.