விளையாட்டு மையமா, வீடு தேடிப் போவதா?

2017 ஆகஸ்டுக்குப் பின் மியான்மரிலிருந்து தப்பி ஓடிய சுமார் 7 லட்சம் ரோஹிங்யா மக்கள் வங்கதேசத்தின் காக்ஸ் பஜார் அகதி முகாம்களில் வந்து சேர்ந்தார்கள். அங்கே பிராக் என்ற வங்கதேசத் தொண்டு அமைப்பு 2 முதல் 6 வயதுப் பிள்ளைகளுக்கு விளையாட்டு மையம் நடத்துகிறது. அதற்கும் சிறியவர்களை வீட்டுப் பக்கமே போய்த் தாயோடு சேர்த்துப் பார்க்கிறது. கையிலிருக்கும் பணத்தில் ஏதாவது ஒன்றைத்தான் தொடங்க முடியும் என்றால்?

செலவு
மையம்: இடமும் கூரையும் வேண்டும். ஒருவரே பல பிள்ளைகளைப் பார்க்கலாம்.
வீடு: கட்டடம் வேண்டாம். நடையும் ஆளும் அதிகம்.

பிள்ளைக்கு
மையம்: தினமும் அதே நேரம், அதே பாட்டு, அதே அக்கா. எல்லாம் விட்டு ஓடிவந்த பிள்ளைக்கு 'நாளைக்கும் இது நடக்கும்' என்ற நிச்சயம் பெரிது. 'கப்பியா' எனும் ரோஹிங்யா பாட்டுகளை அங்கே சேர்த்தது நல்ல யோசனை. பொம்மையை விட அதுதான் ஒட்டும்.
வீடு: தனிக் கவனம் உண்டு, கூட்டாளி இல்லை.

தாய்க்கு
மையம்: கொஞ்ச நேரம் மூச்சுவிடலாம், அவ்வளவுதான்.
வீடு: மனம்விட்டுப் பேசலாம். தாய் நடுங்கினால் மடியிலுள்ள குழந்தையும் நடுங்கும் என்பதால் இதை நான் கூடுதலாக மதிக்கிறேன்.

தடங்கல் வந்தால்
மையம்: மழை, மண்சரிவு, கொரோனா எதுவும் பூட்டிவிடும்.
வீடு: தொலைபேசிக்கு மாறலாம். 2020இல் பிராக் 'பாஷே ஆச்சி' (பக்கத்தில் இருக்கிறோம்) என்று வாராவாரம் அழைத்துப் பேசியது.

சரி, 3 வயதைத் தாண்டிய பிள்ளைகள் நிறைய இருந்தால் மையம். கைக்குழந்தையோடு ஒடுங்கிப்போன தாய்மார் அதிகமென்றால், யோசிக்காமல் வீடு.