கிறீன் காட் லொத்தர் விழுந்தவர்கள் கவனம்: "படிப்பு முடியும்வரை ஹோல்ட்" என்று காசு வாங்குகிறார்கள்

அமெரிக்காவில் நிரந்தரமாகப் போய் இருக்க விசா கொடுக்கும் கிறீன் காட் குலுக்கலில், அதாவது டிவி (டைவர்சிட்டி விசா) லொத்தரில், பெயர் விழுந்துவிட்டது, ஆனால் கம்பஸ் படிப்பு இன்னும் முடியவில்லை, என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கும் அவர்களுடைய அம்மா அப்பாவுக்கும்தான் இதை எழுதுகிறேன். விழுந்த இடத்தை அடுத்த வருடத்துக்குத் தள்ளிவைக்க முடியாது. எந்த ஏஜென்சியாலும் முடியாது, கொழும்பிலுள்ள தூதரகமே நினைத்தாலும் முடியாது. முடியும் என்று சொல்லி யாழ்ப்பாணத்தில் ஓர் இடத்தில் எங்களிடம் கிட்டத்தட்ட மூன்றரை இலட்சம் ரூபா வாங்கினார்கள். காசோடு என்னுடைய விசாவும் போய்விட்டது.

நான் விண்ணப்பித்தது 2022 ஒக்டோபரில், டிவி 2024 என்ற சுற்றுக்கு. அந்த வருடம் நாடு இருந்த நிலை எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். பெற்றோலுக்குக் கியூஆர் கோட், பாஸ்போட் எடுக்கப் பத்தரமுல்லையில் இரவிரவாக வரிசை, வகுப்பில் பாதிப் பேர் எங்கேயாவது போய்விட வேண்டும் என்ற கதை. ஊரில் ஒரு கொம்யூனிகேஷனில் லொத்தர் போட்டுக் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனோம். படம் எடுத்து, விவரம் நிரப்பி, மூவாயிரம் ரூபா வாங்கினார்கள். அந்தச் சுற்றுக்கு விண்ணப்பிக்க அமெரிக்க அரசு ஒரு சதமும் கேட்கவில்லை என்பது வேறு கதை, போட்டுக் கொடுத்த வேலைக்குக் கூலி என்று அதை விட்டுவிடலாம். பெரிய விஷயம் என்னவென்றால், படிவத்தில் அவர்கள் போட்டது என்னுடைய ஈமெயில் முகவரி இல்லை, கடையின் முகவரி. பதிந்ததும் திரையில் வரும் உறுதிப்படுத்தல் இலக்கத்தையும் என்னிடம் தரவில்லை. "அது எங்களிட்ட பத்திரமா இருக்கும், விழுந்தா நாங்களே கோல் எடுப்பம்" என்றார்கள்.

இந்த இரண்டையும் வைத்துத்தான் அவர்கள் பிழைக்கிறார்கள். லொத்தர் விழுந்ததா இல்லையா என்று பார்க்க அந்த இலக்கம் வேண்டும். இலக்கம் தொலைந்தால் விண்ணப்பம் பதிந்த அதே அமெரிக்க அரசாங்க இணையத்தளத்தில் மீட்டெடுக்க வழி இருக்கிறது, ஆனால் அதற்குப் பதியும்போது கொடுத்த ஈமெயில் முகவரி வேண்டும். அது கடையுடையது என்றால் உங்கள் பெயரில் விழுந்த விசா உங்களுக்குத் தெரியாமலேயே அவர்கள் மேசையில் கிடக்கும்.

2023 மே மாதம் முடிவு வந்தது. எனக்கு விழுந்துவிட்டதாகக் கோல் வந்தது. அம்மா அழுதே விட்டார். நான் அப்போது இறுதி வருடத்துக்குள் போகும் நேரம். கோவிட்டாலும் அதற்குப் பிறகு நடந்தவற்றாலும் எங்கள் பட்ச் ஏற்கெனவே நிறையப் பின்தங்கியிருந்தது, 2024 நடுப்பகுதியிலாவது முடிப்போம் என்று நம்பிக்கொண்டிருந்தோம். நாலு வருடப் படிப்பைக் கடைசியில் விட்டுவிட்டுப் போக எனக்கு மனமில்லை, வீட்டிலும் விருப்பமில்லை. அதைச் சொன்னதும் கடைக்காரர் பேசிய பேச்சு இன்றைக்கும் எனக்கு வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது.

"தங்கச்சி, நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ. படிப்பை முடியுங்கோ. இடத்தை நாங்கள் ஹோல்ட் போட்டு வைப்பம். டிகிரியோட போனாத்தான் அங்க மதிப்பு."

ஹோல்ட் போட இரண்டரை இலட்சம். அம்மாவின் காப்புகள் அடகுக்குப் போயின. அப்புறம் 2024 தொடக்கத்தில் "தூதரகக் கட்டணம்" என்று 330 டொலர், ஏறக்குறைய ஒரு இலட்சம். கம்பஸிலிருந்து நான் இறுதி வருட மாணவி என்று ஒரு கடிதமும் கேட்டார்கள், கொடுத்தேன். சில வாரத்தில் பதில் ஒன்று காட்டினார்கள். மேலே கென்டக்கி கொன்சியூலர் நிலையத்தின் பெயர், அமெரிக்கக் கழுகுச் சின்னம், என்னுடைய பெயர், 2024 டிசம்பர் 31 வரை ஒத்திவைப்பு அனுமதிக்கப்பட்டது என்று ஒரு வரி. டிவி விண்ணப்பங்களைக் கையாளும் இடம் உண்மையிலேயே கென்டக்கியில்தான் இருக்கிறது, ஆகவே அந்தப் பெயரை இணையத்தில் தேடிப் பார்த்தபோது எல்லாம் சரியாகவே இருந்தது. ஈமெயில் வந்த முகவரி மட்டும் சாதாரண ஜிமெயில். விசா விஷயமாக அமெரிக்க அரசு அனுப்பும் ஈமெயில் டொட் ஜிஓவி என்றுதான் முடியும், அந்த நிலையத்தின் ஈமெயில்கள் ஸ்டேட் டொட் ஜிஓவி என்று முடியும். இதை இன்றைக்கே வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். தெரிவானீர்கள் என்று அவர்கள் யாருக்கும் கடிதம் போடுவதும் இல்லை, முடிவைப் பார்க்க அந்த இணையத்தளம் ஒன்றுதான் இடம். அந்த 330 டொலரும் நேர்முகத்துக்குப் போகும் நாளில் தூதரகத்தின் காசாளரிடம் நீங்களே கட்டுவது. அதை முன்கூட்டி வேறு யாராவது கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

விழுந்த ஒவ்வொருவருக்கும் வழக்கு இலக்கம் என்று ஒன்று கொடுப்பார்கள், என்னுடையதைக் கேட்கும்போதெல்லாம் கடையில் ஏதாவது ஒரு காரணம். தெரிவானதாக இணையத்தளத்தில் காட்டும் கடிதத்தின் பிரதி தந்தார்கள், அதிலும் இலக்கம் இருந்த மேல்பகுதி பிரதியில் விழவில்லை. இடையில் ஒருநாள் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, மாப்பிள்ளை ஒருவர் இருக்கிறார், உங்கள் மகளைக் கலியாண எழுத்து மட்டும் எழுதிக்கொண்டால் முழுச் செலவையும் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்றும் கேட்டிருக்கிறார்கள். விழுந்தவருடைய கணவனுக்கோ மனைவிக்கோ அதே இலக்கத்தில் விசா கிடைக்கும் என்பதால் இது பெரிய வியாபாரம். அம்மா மறுத்துவிட்டார். நல்லகாலம், விசாவுக்காக மட்டும் செய்த கலியாணம் என்று தூதரகம் கண்டுபிடித்தால் அதன் பிறகு அமெரிக்கா போவதற்கே நிரந்தரத் தடை விழக்கூடும்.

2024 மே தொடக்கத்தில் பல்கலைக்கழகக் கல்விசாரா ஊழியர்களின் வேலைநிறுத்தம் ஆரம்பித்தது. ஜூலைவரை போனது. எங்கள் பரீட்சையும் அதோடு தள்ளிப்போனது. ஹோல்ட்தான் இருக்கிறதே, டிசம்பர்வரை நேரம் இருக்கிறதே என்று வீட்டில் நிம்மதியாக இருந்தோம். ஓகஸ்ட் கடைசியில் என் வகுப்புத் தோழியின் மச்சான், அவர் முன்பொரு சுற்றில் லொத்தரில் போனவர், தொலைபேசியில் விஷயத்தைக் கேட்டுவிட்டு அதிர்ந்துபோனார். டிசம்பர் என்று ஒரு திகதியே இதில் கிடையாது என்றார்.

அவர் விளக்கியதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் இது தெரிந்தால் யாரும் உங்களை ஏமாற்ற முடியாது. டிவி விசா அமெரிக்க நிதியாண்டோடு கட்டப்பட்டது. டிவி 2024 என்றால் 2023 ஒக்டோபர் 1 இலிருந்து 2024 செப்டெம்பர் 30 வரை. அந்த நாளுக்குள் விசா கையில் வர வேண்டும். அன்று நள்ளிரவோடு அந்தச் சுற்றின் கதை முடிந்தது, இலக்கம் அடுத்த வருடத்துக்கு மாறாது. சட்டத்திலேயே அப்படித்தான் இருக்கிறது. 2020 இல் கோவிட் காலத்தில் அமெரிக்க ஜனாதிபதியின் பிரகடனத்தால் விசா வழங்குவது நின்றபோது ஆயிரக்கணக்கானோர் நீதிமன்றம்வரை போனார்கள். அவர்களிலும் நிறையப் பேருக்கு விசா கிடைக்காமலே திகதி கடந்துபோனது. வழக்குப் போட்டவர்களுக்கே அந்த நிலை என்றால் யாழ்ப்பாணத்துக் கொம்யூனிகேஷன் ஒன்று எப்படி ஹோல்ட் போடும்? இன்னொன்று, விழுந்த எல்லோருக்கும் விசா இருப்பதும் இல்லை. வருடத்துக்குச் சுமார் 55,000 விசாதான், தெரிவு செய்வது அதைவிட மிக அதிகமானோரை. ஆகவே செப்டெம்பருக்கு முன்பே தீர்ந்துபோகவும் கூடும்.

செப்டெம்பரில் அப்பாவும் மாமாவும் கடையில் போய்ச் சத்தம் போட்ட பிறகுதான் வழக்கு இலக்கம் கைக்கு வந்தது. அதைப் போட்டு அமெரிக்க அரசாங்க இணையத்தளத்துக்குள் போய்ப் பார்த்தால் டிஎஸ் 260 படிவம், அதாவது விழுந்த பிறகு நிரப்பி அனுப்ப வேண்டிய முக்கியமான படிவம், வெறுமையாகக் கிடந்தது. பதினாறு மாதமாக ஒரு எழுத்துக்கூட நிரப்பவில்லை. அந்தப் படிவம் போனால்தான் நேர்முகத்துக்குத் திகதியே வரும். என்னுடையது சின்ன இலக்கம், எந்த இலக்கம்வரை முறை வந்தது என்று மாதாமாதம் அறிவிக்கும் விசா புல்லட்டின்களில் பழையவற்றை எடுத்துப் பார்த்தபோது 2024 தொடக்கத்திலேயே என் முறை வந்து போயிருக்கிறது. அன்றிரவே நானே படிவத்தை நிரப்பி அனுப்பினேன், கென்டக்கிக்கும் தூதரகத்துக்கும் ஈமெயில் போட்டேன். செப்டெம்பருக்கான நேர்முகங்கள் எல்லாம் ஏற்கெனவே ஒதுக்கி முடிந்திருந்தன. திகதி கடந்தது.

எனக்கு ஆறாத கோபம் எதிலென்றால், முறைப்படி செய்திருந்தால் நான் படிப்பையும் முடித்திருக்கலாம், போயும் இருக்கலாம். படிவத்தை நேரத்துக்கு அனுப்பி, நேர்முகத்தைக் கொஞ்சம் பின்னுக்குப் போடும்படி தூதரகத்திடம் கேட்டு, நிதியாண்டுக்குள்ளேயே பிந்திய மாதமொன்றில் விசா எடுத்திருக்கலாம். விசா கிடைத்தால் அதிகபட்சம் ஆறு மாதம் செல்லும், மருத்துவப் பரிசோதனை செய்த திகதியைப் பொறுத்து அது குறையலாம். 2024 செப்டெம்பரில் விசா எடுப்பவர் 2025 மார்ச் வாக்கில்தான் அமெரிக்காவுக்குள் நுழைந்தாக வேண்டும். லொத்தர் விழுந்ததிலிருந்து கணக்குப் போட்டால் 22 மாதம்! எனக்கு அது தாராளமாகப் போதும். கடைசி நேரத்துக்கு விடுவதில் ஆபத்து இருக்கிறது, மேலதிக விசாரணை என்று கோப்பை நிறுத்தி வைத்தால் நாட்கள் ஓடிவிடும், அதனால் ஜூன், ஜூலையைத் தாண்ட விடக்கூடாது என்பதே என் எண்ணம். ஆனாலும் உண்மையான அவகாசம் என்று ஒன்று இருந்தது. அதைச் சொல்லியிருந்தால் அவர்களுக்கு இரண்டரை இலட்சம் கிடைத்திருக்காது.

முறைப்பாடு செய்யப் போன பிறகு அதே கடையில் சிக்கிய இன்னும் சிலரைத் தெரியவந்தது. வவுனியாப் பக்கத்துத் தம்பி ஒருவருக்கு விசாவே பாஸ்போட்டில் ஒட்டிக் கையில் வந்திருக்கிறது. ஆறு மாதம் முடிய இன்னொரு ஆறு மாதம் நீட்டலாம் என்று அவரிடம் காசு வாங்கியிருக்கிறார்கள். பரீட்சை எழுதிவிட்டுப் போகலாம் என்று அந்தப் பிள்ளை காத்திருக்க, விசா காலாவதியாகிவிட்டது, நிதியாண்டும் முடிந்துவிட்டது. டிவி விசாவை நிதியாண்டு முடிந்த பிறகு திரும்ப அடித்துக் கொடுக்க முடியாது. ஒட்டியிருந்த விசாவை அவர் எனக்குக் காட்டியபோது எனக்குப் பேச்சே வரவில்லை.

இன்னொரு அக்காவுக்குச் சொன்னது, போய் இறங்கிக் கிறீன் காட்டைப் பதிந்துவிட்டு உடனே திரும்பி வந்து இரண்டு வருடம் இங்கேயே படிக்கலாம், அதற்கான பேப்பரை நாங்கள் இங்கிருந்து போட்டுத் தருவோம் என்று. இதில் பாதி உண்மை இருப்பதால்தான் நம்பிவிடுகிறோம். மீள்நுழைவு அனுமதி என்று ஒன்று இருக்கிறது, வழக்கமாக இரண்டு வருடத்துக்குத் தருவார்கள். ஆனால் ஐ 131 என்ற அந்தப் படிவத்தை அமெரிக்க மண்ணில் இருந்துகொண்டுதான் போட வேண்டும், கைரேகையும் கேட்பார்கள். இலங்கையிலிருந்து போட வழியே இல்லை. அது இல்லாமல் ஒரு வருடத்துக்கு மேல் வெளியே நின்றால் காட்டை வைத்துத் திரும்ப நுழைய முடியாது. ஆறு மாதம் தாண்டினாலே எங்கே இருந்தாய், ஏன் இருந்தாய் என்று கேள்வி வரும். அந்த அக்கா காசு கட்டுவதற்கு முன்பு எங்களைச் சந்தித்ததால் தப்பினார்.

"டிகிரி இல்லாவிட்டால் தூதரகம் தராது" என்று பயமுறுத்துவதும் பொய். உயர்தரம் சித்தியடைந்திருந்தால் கல்வித் தகைமை சரி. அது இல்லாதவர்களுக்கும், பயிற்சி தேவைப்படும் தொழில் ஒன்றில் கடைசி ஐந்து வருடத்துக்குள் இரண்டு வருட அனுபவம் இருந்தால் வழி இருக்கிறது.

கடைக்காரர் முதலில் "அடுத்த வருஷம் உங்கட நம்பர் திரும்ப வரும்" என்றார். பிறகு வேலைநிறுத்தத்தால்தான் எல்லாம் குழம்பியது என்றார். பொலிஸில் முறைப்பாடு பதிந்ததும் ஒரு இலட்சத்தைத் திருப்பித் தந்தார், மீதிக்கு இன்னும் தவணை சொல்லிக்கொண்டே இருக்கிறார். வாசலில் இருந்த விசா பலகையைக் கழற்றிவிட்டு இப்போது வேறு பெயரில் மாணவர் விசா செய்து கொடுப்பதாக விளம்பரம் போட்டிருக்கிறார்கள்.

யாழ்ப்பாணம், கிளிநொச்சி, வவுனியாப் பக்கம் கொம்யூனிகேஷனில் லொத்தர் போட்டு, உறுதிப்படுத்தல் இலக்கம் கையில் இல்லாதவர்கள் நாளைக்கே போய் அதைக் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் பதியும்போது எந்த ஈமெயில் முகவரி போட்டார்கள் என்பதையாவது எழுத்தில் வாங்குங்கள். ஏற்கெனவே ஹோல்ட், நீட்டிப்பு என்று காசு கட்டியவர்கள் பற்றுச்சீட்டு, வங்கிச் சிட்டை, வாட்ஸ்அப் பேச்சு, குரல் பதிவு எதையும் அழிக்காதீர்கள். எங்கள் முறைப்பாட்டில் இன்னும் ஆட்களைச் சேர்க்கலாம் என்று பொலிஸில் சொல்லியிருக்கிறார்கள். இதே மாதிரி கழுகுச் சின்னத்தோடு ஒத்திவைப்புக் கடிதம் உங்களிடமும் இருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள், அடுத்த முறை கூப்பிடும்போது சேர்ந்தே போவோம்.