போர்ச் செய்திக்கு நான் நம்பும் இடங்கள்: எண்ணெய்க் கடையிலிருந்து ஒரு மதிப்பீடு

கொழிஞ்சாம்பாறையில் எண்ணெய்க் கடை வைத்திருக்கிறேன். ஊர் கேரளாவில் இருந்தாலும் பேச்சு தமிழ்தான். கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் பொள்ளாச்சி. சரக்கு அங்கிருந்து வருகிறது. வாங்குகிறவர்கள் எல்லைக்கு இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். 2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தபோது, 160 ரூபாய்க்கு விற்றுக்கொண்டிருந்த சூரியகாந்தி எண்ணெய் பாக்கெட் என் கடையில் இரண்டே வாரத்தில் 190 ஆனது. "ஏனுங்கண்ணா, சண்டை எங்கியோ நடக்குது, இங்க எதுக்குங்க ஏறுது?" என்று கேட்காத ஆள் இல்லை. நாம் வாங்கும் சூரியகாந்தி எண்ணெயில் பெரும்பகுதி அப்போது உக்ரைனிலிருந்துதான் வந்தது. அது மட்டும்தான் எனக்குத் தெரியும். அடுத்து என்ன ஆகும் என்று யாரைக் கேட்பது?

நான் கேட்டது தப்பான இடத்தில். மார்ச்சில் வியாபாரிகளின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல் பதிவு வந்தது. "மூணு மாசத்துக்கு ஒரு கப்பல் வராது, லிட்டர் 300 தாண்டும், இப்பவே ஏத்திக்கோங்க." பேசியது யார், எந்தத் துறைமுகத்தைப் பற்றிப் பேசுகிறார், ஒன்றும் கிடையாது. வட்டிக்கு வாங்கி 200 பெட்டி இறக்கினேன். ஏப்ரல் 28 அன்று இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தியதும் சரியாகத்தான் செய்திருக்கிறோம் என்று நினைத்தேன். மே 23 அன்று அந்தத் தடை போனது. மறுநாளே நம் அரசு ஆண்டுக்கு 20 லட்சம் டன் கச்சா சூரியகாந்தி எண்ணெயும் அதே அளவு சோயா எண்ணெயும் வரி இல்லாமல் இறக்குமதி செய்யலாம் என்று அறிவித்தது. விலை இறங்கி, கடைசியில் வாங்கிய விலைக்கும் கீழே விற்றேன். பணம் போனதைவிட, அந்தப் பதிவை நானும் நாலு பேருக்கு அனுப்பினேன் என்பதுதான் இன்னும் உறுத்துகிறது. அதில் ஒருவர் முறுக்கு சுட்டு விற்கும் அக்கா.

தொலைக்காட்சியும் அப்போது உதவவில்லை. எதிர்வீட்டுப் பெண் உக்ரைனில் உள்ள கார்கிவ் நகரத்தில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அம்மா எங்கள் வீட்டில் உட்கார்ந்து டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு சேனலில் விமானத்தைச் சுட்டு வீழ்த்தும் காட்சி ஓடியது. அந்த அம்மா அழுததை மறக்க முடியாது. அது 'ஆர்மா 3' என்ற வீடியோ கேமிலிருந்து எடுத்தது என்று பின்னால் தெரிந்தது. இப்படி நிறைய நடந்ததால் அந்த கேமைத் தயாரித்த நிறுவனமே 2022 நவம்பரில் அறிக்கை விட்டது. சேனலில் யாரும் வருத்தம் தெரிவித்து நான் பார்க்கவில்லை.

எங்கள் கடைக்குக் கோயம்புத்தூரிலிருந்து தமிழ் நாளிதழும் பாலக்காட்டிலிருந்து மலையாள நாளிதழும் வரும். இரண்டிலும் ஒரே செய்தி வந்தால் உறுதியான தகவல் என்று முன்பெல்லாம் நினைப்பேன். ஒருநாள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். இரண்டும் பத்திரிகைகளுக்குச் செய்தி விற்கும் ஒரே ஏஜென்சி அனுப்பிய செய்தி, தலைப்பு மட்டும் வேறு. அப்படியானால் சாட்சி இரண்டு அல்ல, ஒன்றுதான். அன்றிலிருந்து எந்தச் செய்தியானாலும் முதல் வரியில் ஏஜென்சி பெயரைத்தான் தேடுகிறேன்.

சரி, இப்போது எதைப் பார்க்கிறேன்?

எனக்கு அதிகம் உதவியது ஐ.நா.வின் கப்பல் பட்டியல். 2022 ஜூலை 22 அன்று இஸ்தான்புல்லில், சண்டைக்கு நடுவிலும் உக்ரைனின் உணவுக் கப்பல்களைப் போகவிடும் கருங்கடல் தானிய ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு, உக்ரைனின் ஒடேசா, சோர்னோமோர்ஸ்க், பிவ்டென்னி ஆகிய மூன்று துறைமுகங்களிலிருந்து கிளம்பிய ஒவ்வொரு கப்பலும் அதில் ஏறும். கப்பல் பெயர், சரக்கு, எத்தனை டன், எந்த நாட்டுக்கு, எல்லாம் இருக்கும். ஆகஸ்ட் 1 அன்று ரசோனி என்ற கப்பல் 26,000 டன்னுக்கு மேல் மக்காச்சோளத்தோடு முதலில் கிளம்பியது. ராத்திரி கடை அடைத்ததும் நானும் மகனும் உட்கார்ந்து, இந்தியா என்று போட்டிருக்கும் சூரியகாந்தி எண்ணெய்க் கப்பல்களை மட்டும் ஒரு நோட்டில் எழுதுவோம். தரகர் "சரக்கே இல்லை" என்று சொல்லும் நாளில் நோட்டைத் திறந்து பார்ப்பேன். ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன். ஆனால் 2023 ஜூலை 17 அன்று ரஷ்யா விலகியதோடு ஒப்பந்தமும் போனது, பட்டியலும் நின்றுபோனது. கிட்டத்தட்ட 3.3 கோடி டன் உணவுப்பொருள் அந்த வழியில் போயிருந்தது. அதன்பின் உக்ரைன் தானாகவே கடல்வழியைத் திறந்துகொண்டது. ஆனால் அந்த மாதிரி எளிமையான பட்டியல் எனக்குத் திரும்பக் கிடைக்கவில்லை.

அதற்குப் பதிலாக இப்போது ரோமில் உள்ள ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பின் மாதாந்திர விலைக் குறியீடு. 2014-16 சராசரியை 100 என்று வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். எண்ணெய்க்குத் தனிக் கணக்கு உண்டு. 2022 மார்ச்சில் எல்லா உணவுக்கும் சேர்த்து முதலில் 159.3 என்று வந்தது, அப்போதைக்கு அதுதான் உச்சம். பிறகு அதே மாத எண்ணைக் கொஞ்சம் கூட்டித் திருத்தினார்கள். முன்னே சொன்னதை மாற்றுகிறார்களே என்று எனக்கு முதலில் சந்தேகம் வந்தது. இப்போது அதற்காகவே நம்புகிறேன். அந்தக் குரல் பதிவுக்காரர் எதையாவது திருத்தினாரா? குறை என்றால், இது போன மாதக் கதை. நாளைக்கு எண்ணெய் வாங்கலாமா என்பதற்கு இதில் பதில் கிடையாது.

சண்டை எங்கே நடக்கிறது என்று அறிய வாஷிங்டனில் உள்ள போர் ஆய்வு நிறுவனத்தின் வரைபடம் பார்க்கிறோம். ரஷ்யா பிடித்துவிட்டதாகச் சொல்லும் பகுதியையும், பிடித்ததாக இவர்கள் கணிக்கும் பகுதியையும் வேறு வேறு நிறத்தில் காட்டுகிறார்கள். அமெரிக்கப் பார்வை என்பதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். நீளமான ஆங்கிலம், மகன்தான் படித்துச் சொல்கிறான். தமிழில் என்றால் பிபிசி. அப்பா சிற்றலையில் தமிழோசை கேட்டவர். வானொலி 2017-இல் நின்றுவிட்டாலும் இணையத்தில் படிக்கலாம். இரண்டு தரப்பு சொல்வதையும் போட்டு, தங்களால் உறுதிசெய்ய முடிந்ததா இல்லையா என்றும் எழுதுகிறார்கள். உள்ளூர் விலையோடு இணைத்து எழுதுவது குறைவு.

இறந்தவர்கள் கணக்குக்கு ஐ.நா. மனித உரிமை அலுவலகம் ஒன்றைத்தான் பார்ப்பேன். ஒவ்வொரு மரணத்தையும் தனித்தனியாகச் சரிபார்த்த பிறகே சேர்க்கிறார்கள். மூன்று ஆண்டு முடிந்த 2025 பிப்ரவரியில் பொதுமக்களில் 12,500 பேருக்கு மேல் இறந்ததாகச் சொன்னார்கள். உண்மையான எண் இதைவிட அதிகம், ரஷ்யா பிடித்த மரியுபோல் நகரம் போன்ற இடங்களில் சரிபார்க்கவே முடியவில்லை என்றும் சேர்த்தே சொல்கிறார்கள். டீக்கடையில் லட்சம், இரண்டு லட்சம் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. எதிர்வீட்டு அம்மாவின் முகம் நினைவுக்கு வரும். அந்தப் பெண் நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தாள்.

கடை வாசலில் இப்போது ஒரு கரும்பலகை வைத்திருக்கிறேன். மாதத்துக்கு ஒருமுறை ரோம் எண் வந்ததும் தமிழிலும் மலையாளத்திலும் எழுதுவேன். கீழே எந்த மாதத்து எண், யார் சொன்னது என்று போடுவேன். முறுக்குக் கடை அக்கா அதைப் படித்துவிட்டுத்தான் டின்னுக்குச் சொல்வார். போன வாரம், "அப்ப அடுத்த மாசம் எறங்குமுங்களா தம்பி?" என்று கேட்டார். "அது இதுல இல்லீங்கக்கா" என்றேன். ஒரு டின் மட்டும் வாங்கிக்கொண்டு போனார்.