சினிமா முதுகலைமாணி என்று சொல்லி நாலு இலட்சத்து எண்பத்தைந்தாயிரம் வாங்கினார்கள். வன்னிப் பிள்ளைகள் தயவு செய்து வாசியுங்கோ

முந்தாநாள் பின்னேரம் கொழும்பிலுள்ள பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. இரண்டே வரி. நான் விசாரித்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் இல்லையாம். பத்து மாதமாக நான் படித்துக்கொண்டிருக்கும் 'திரைப்பட ஆக்கமும் கோட்பாடும்' முதுகலைமாணிக்கு இந்த நாட்டில் ஒரு பெறுமதியும் இல்லை. கட்டின காசு 485,000 ரூபா. நேற்று முழுக்க வீட்டில் ஒருவரோடும் கதைக்கவில்லை. இன்றைக்கு எழுதாவிட்டால் பிறகு எழுதவே மாட்டேன்.

நான் விசுவமடுப் பக்கம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கை படித்துக் கலைமாணி முடித்தேன். நாலு வருடமாகக் கலியாண வீடு, சாமத்திய வீடு, கோயில் திருவிழா என்று வீடியோ எடுக்கிறேன். வற்றாப்பளைப் பொங்கலுக்கு விடிய விடிய கமெராவோடு நிற்பேன். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் சினிமாவை ஒழுங்காகப் படிக்கவேண்டும் என்ற ஆசை பல்கலைக்கழகக் காலத்திலிருந்தே இருந்தது. எங்கள் ஊருக்குக் கமெரா கொண்டு வராத ஆள் இல்லை. தொண்டு நிறுவனம் வந்தது, தொலைக்காட்சி வந்தது, வெளிநாட்டுக்காரர் வந்தார்கள். அழுகிற முகத்தைக் கிட்டக் கொண்டுபோய் எடுத்தார்கள், போனார்கள். அந்த முகத்தை எங்கே நின்று எடுக்கவேண்டும், எவ்வளவு நேரம் பார்க்கலாம், எப்போது கமெராவைத் திருப்பவேண்டும் என்பதெல்லாம் எழுதியும் விவாதித்தும் படிக்கிற விசயங்கள். அதைத்தான் படிக்க விரும்பினேன்.

முதலில் யோசித்தது இந்தியா. புனேயில் 1960 இல் தொடங்கிய அரசாங்கத் திரைப்பட நிறுவனம் இருக்கிறது, இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு என்று ஒவ்வொன்றும் மூன்று வருடம். கொல்கத்தாவில் சத்யஜித் ராய் பெயரில் 1995 இல் வந்தது இன்னொன்று. கோட்பாடு மட்டும் என்றால் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் 1993 இலிருந்து திரைப்படக் கற்கைக்குத் தனித் துறையே உண்டு. என்னோடு படித்த பிள்ளை ஒருத்தி அங்கேதான் படிக்கிறாள். ஆனால் அம்மாவையும் அம்மம்மாவையும் தனிய விட்டுவிட்டு இரண்டு மூன்று வருடம் என்னால் போக ஏலாது. அப்படி இருக்கும்போதுதான் பேஸ்புக்கில் விளம்பரம் வந்தது. ஒரே வருடம். வீட்டிலிருந்து ஒன்லைனில் வகுப்பு. கடைசி இரண்டு மாதம் சென்னையில் செயல்முறைப் பயிற்சி. ஐரோப்பியப் பல்கலைக்கழகத்தின் பட்டம்.

ஏ9 வீதியோரம் ஒரு நகரத்தில் வெளிநாட்டுக் கல்வி முகவர் நிலையம். பெயர் போடவில்லை, போடவேண்டாம் என்று தெரிந்த சட்டத்தரணி ஒருவர் சொல்லியிருக்கிறார். மேல்மாடி, ஏசி அறை, சுவரில் பட்டமளிப்புப் படங்கள். மேசையில் இருந்தவருக்கு நாற்பது வயதிருக்கும். நான் சந்தேகத்தோடுதான் போனேன், அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அவர் கட்டணத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. சிங்களத் திரைப்பட இயக்குநர் தர்மசேன பத்திராஜவைப் பற்றிக் கதைத்தார். பத்திராஜ யாழ்ப்பாணத்தில் படிப்பித்தது, தமிழில் 'பொன்மணி' படம் எடுத்தது எல்லாம் இந்த மனுசனுக்குத் தெரிந்திருந்தது. பிறகு, "தங்கச்சி, நீங்கள் ஏதும் எடுத்திருக்கிறீங்களோ?" என்று கேட்டார்.

என்னிடம் பதினொரு நிமிடப் படம் ஒன்று இருந்தது. அம்மம்மா முற்றத்தில் இருந்து பனையோலைப் பெட்டி இழைக்கிறார், அவ்வளவுதான். கமெரா அசையாது. கதை சொல்கிற குரல் இல்லை. காட்டின ஆட்கள் எல்லாரும் மூன்றாம் நிமிடத்தில் போனைத் திருப்பித் தந்துவிடுவார்கள். இந்த மனுசன் பதினொரு நிமிடமும் பார்த்தார். இடையில் வந்த கோலைக்கூட வெட்டிவிட்டுப் பார்த்தார். முடிந்த பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அம்மா ஏன் பெட்டிக்கு மூடி இழைக்கேல்ல?" என்று கேட்டார்.

அதை அதுவரை ஒருவரும் கேட்டதில்லை. 2009 இல் மாமா காணாமல் போனதிலிருந்து அம்மம்மா மூடி இழைக்கிறதில்லை, ஏன் என்று நாங்களும் கேட்டதில்லை என்று சொன்னேன். எங்கள் வீட்டுக்கு வெளியே ஒருவரிடம் நான் அதைச் சொன்னது அன்றைக்குத்தான். அவர் கண் கலங்கினதைப் பார்த்தேன். "எங்கட கதையை நாங்கள்தான் எடுக்கவேணும் தங்கச்சி, காசை யோசிக்காதேங்கோ, தவணையாக் கட்டலாம்" என்றார். அந்த இடத்தில்தான் நான் விழுந்தேன்.

பதிவுக்கு 35,000. முதல் தவணை இரண்டு இலட்சம். இரண்டாம் தவணை ஒன்றரை இலட்சம். சென்னைப் பயிற்சிக்கு முன்கூட்டியே ஒரு இலட்சம். மொத்தம் 485,000. அம்மாவின் காப்புச் சோடி ஈட்டில் போனது. பிரான்சிலிருக்கும் சித்தப்பா கொஞ்சம் அனுப்பினார். மிச்சம் கலியாண வீட்டுக் காசு. இரண்டாம் தவணை கட்டப் போனபோது அம்மாவும் வந்தா. "அம்மா, இன்னும் ஒரு வருசத்தில உங்கட மகள் கம்பசில விரிவுரையாளர்" என்று அவர் சொல்ல, அம்மா அவரைக் கும்பிட்டா. அதை நினைக்கத்தான் எனக்கு இப்போது வயிறு எரிகிறது. வங்கிச் சீட்டில் பெறுநர் பெயர் நிறுவனத்தினுடையது அல்ல, ஒரு தனி ஆளினுடையது. கேட்டேன். "கம்பனிக் கணக்கு மாறுது, இது எங்கட கணக்காளர்" என்றார்கள். நம்பினேன்.

வகுப்பு என்றால் பதிவு செய்த வீடியோக்கள். வீட்டில் சிக்னல் இல்லாததால் குளக்கட்டில் ஏறி இருந்து பார்ப்பேன். குலெஷோவ் பரிசோதனை பற்றிய வகுப்பு நல்லாயிருந்தது. நடிகரின் அதே முகம், பக்கத்தில் சூப்புக் கோப்பையை வைத்தால் பசியாகத் தெரியும், சவப்பெட்டியை வைத்தால் துக்கமாகத் தெரியும் என்று ஒரு வெள்ளைக்காரப் பேராசிரியர் விளக்கினார். வீடியோவின் வலது மூலையில் ஒரு கறுப்புச் சதுரம் எப்போதும் நின்றது. ஏன் என்று அப்போது யோசிக்கவில்லை. ஆறு மாதம் கழித்து அதே வீடியோவை யூடியூப்பில் இலவசமாகப் பார்த்தேன். அந்தச் சதுரம் இருந்த இடத்தில் வேறொரு பல்கலைக்கழகத்தின் சின்னம் இருந்தது.

ஒப்படையைப் பற்றிச் சொல்லவேண்டும், அதுதான் காசை விட நோகிறது. திரைப்படக் கோட்பாட்டாளர் லோரா மல்வி 1975 இல் எழுதிய கட்டுரையை வைத்து ஒரு ஒப்படை கேட்டார்கள். சினிமாவில் ஆணின் பார்வை பெண்ணை எப்படிப் பார்வைப்பொருளாக்குகிறது என்பது அந்தக் கட்டுரையின் விசயம். நான் அதை எங்கள் ஊருக்குக் கொண்டு வந்தேன். வன்னியில் எடுக்கப்பட்ட உதவித்திட்ட வீடியோக்களில் விதவைப் பெண்களைக் கமெரா எந்த உயரத்திலிருந்து பார்க்கிறது, தையல் மெசினுக்குப் பக்கத்தில் ஏன் எப்போதும் கீழே இருத்தி எடுக்கிறார்கள், அவர்கள் கமெராவைத் திருப்பிப் பார்க்கிற காட்சி ஏன் வெட்டப்படுகிறது என்று ஒவ்வொரு ஷொட்டாக எண்ணி, மூவாயிரம் சொல் எழுதினேன். மூன்று கிழமை. அனுப்பி நாற்பது நிமிடத்தில் பதில் வந்தது: 'மிகச் சிறப்பு. தொடர்ந்து முயலுங்கள்.' புள்ளி 85.

சந்தோசப்பட்டேன், உண்மை. பிறகு மன்னாரிலிருந்து இதே பாடநெறிக்குக் காசு கட்டின தம்பி ஒருவனின் தொடர்பு கிடைத்தது. அவன் கடைசி நேரத்தில் ஒன்றரைப் பக்கம் எழுதி அனுப்பியிருக்கிறான். அவனுக்கும் 'மிகச் சிறப்பு. தொடர்ந்து முயலுங்கள்.' அவனுக்கும் 85. ஜாதவ்பூரில் படிக்கும் என் தோழியின் கட்டுரை திரும்பி வரும்போது ஓரமெல்லாம் பேராசிரியரின் எழுத்தாக இருக்கும், "இதை நிறுவு", "இந்தப் படத்தைத் திரும்பப் பார்" என்று. என்னுடைய மூவாயிரம் சொல்லில் ஒரு சொல்லைக்கூட ஒருவரும் வாசிக்கவில்லை.

சென்னைப் பயிற்சி தை மாதம் என்றார்கள். பிறகு பங்குனி. பிறகு "விசா சிக்கல்". பிறகு வெறும் மௌனம். போன் எடுத்தால் ஒரு பிள்ளை, "சேர் மீட்டிங்கில அக்கா". அடுத்த நாள், "சேர் கொழும்புக்குப் போயிட்டார் அக்கா, திங்கள் எடுங்கோ". திங்கள் எடுத்தால், "எந்தப் பாடநெறி அக்கா?" பத்து மாதம் படிக்கிற என்னிடம் எந்தப் பாடநெறி என்று கேட்கிறார்கள். வட்ஸ்அப்பில் நீலக் கோடு விழும், பதில் வராது. நேரில் போனேன். அந்த மனுசன் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இருந்தது எனக்குத் தெரிந்தது, வேறொரு தாயும் மகளும் முன்னால் இருந்தார்கள். என்னை இரண்டு மணித்தியாலம் இருத்திவிட்டு, "காசு திருப்பித் தாறது எங்கட கையில இல்லை, ஒப்பந்தத்தை வாசிச்சுத்தானே கையெழுத்து வைச்சனீங்கள்" என்று ஒரு உதவியாளரை அனுப்பிச் சொல்லுவித்தார். ஏழாம் பக்கம், ஆங்கிலத்தில், எறும்பு போன்ற எழுத்து. முறைப்பாடு கொடுக்கப் போனேன். கையெழுத்து வைத்தபடியால் இது சிவில் விசயம், வழக்குப் போடுங்கோ என்றார்கள். 485,000 போன பிறகு வழக்குப் போட எங்கே காசு?

அதற்குப் பிறகுதான் புத்தி வந்து பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு எழுதினேன். முதல் நாளே எழுதியிருக்கலாம். அதற்கு ஒரு சதமும் செலவில்லை.

என்ன செய்யவேண்டும் என்று விரிவாக எழுதத்தான் தொடங்கினேன். இப்போது தெம்பு இல்லை, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். வெளிநாட்டுப் பட்டம் என்றால் உலக உயர்கல்வித் தரவுத்தளத்தில் பெயரைப் போட்டுப் பாருங்கோ, இலவசம். பார்த்துவிட்டு மானியங்கள் ஆணைக்குழுவுக்கும் எழுதிக் கேளுங்கோ, பதிலைக் கையில் வைத்துக்கொண்டு காசு கட்டுங்கோ. உள்நாட்டு முதுகலைமாணி என்றால் இலங்கைத் தகைமைக் கட்டமைப்பில் (எஸ்.எல்.கியூ.எஃப்.) மட்டம் ஒன்பதா பத்தா என்று கேளுங்கோ, அந்த இலக்கத்தைச் சொல்லத் தெரியாத இடத்தில் இருக்கவே வேண்டாம். தனி ஆளின் கணக்குக்கு ஒரு ரூபாயும் போடாதேங்கோ. ஏற்கெனவே அங்கே படித்து முடித்த ஒருவரோடு நீங்களாகத் தேடிக் கதையுங்கோ, அவர்கள் தருகிற நம்பருக்கு எடுத்துப் பிரயோசனமில்லை. உங்கள் ஒப்படையை யார் வாசிப்பார், அவர் பெயர் என்ன என்று முதல் நாளே கேளுங்கோ. இதே மேல்மாடிக்குக் காசு கட்டின ஆட்கள் இருந்தால் உள்பெட்டியில் எழுதுங்கோ, இதுவரை நாலு பேர் சேர்ந்திருக்கிறோம்.

இன்னும் ஒன்று. நேற்று இரவு மன்னார்த் தம்பி அவர்களின் புது விளம்பரத்தை அனுப்பினான். 'எங்கள் மாணவர்களின் படைப்புகள்' என்று போட்டு, இசை சேர்த்து, நாலு விநாடிக்கு என் அம்மம்மாவின் கை. மூடி இல்லாத அந்தப் பெட்டி. அவர்களிடம் போவதற்கு ஒரு வருடம் முதலே நான் எடுத்தது அது. அந்தப் பெட்டி என்னவென்று தெரிந்துகொண்டுதான் அந்த மனுசன் அதை எடுத்துப் போட்டிருக்கிறார்.

இதை நீங்கள் வாசிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும், உங்கள் ஆட்கள் என் பக்கத்தைப் பார்க்கிறார்கள். 485,000 ரூபாவைக் கேட்கப் பிறகு வருகிறேன். முதலில் அம்மம்மாவை அந்த விளம்பரத்திலிருந்து எடுங்கோ.