மரண அறிவித்தலுக்கு எந்த டேக்?

யாழ்ப்பாணத்தில் இணையப்பக்கம் செய்து கொடுக்கிறவர்களுக்கு ஓயாமல் வருகிற வேலை மரண அறிவித்தல். "கொக்குவிலைப் பிறப்பிடமாகவும் நல்லூரை வதிவிடமாகவும் கொண்ட" என்று தொடங்கி, உறவுகள், கிரியை நேரம், தகனம் என்று நீளும். இதில் எதைத் தடிப்பாக்குவது, எதைச் சாய்ப்பது?

டேக் என்பது பக்கத்தின் எந்தப் பகுதி என்ன என்று பிரவுசருக்குச் சொல்லும் குறி. தடிப்புக்கு 'பி' (b), 'ஸ்ட்ரோங்' (strong) என்று இரண்டு டேக். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். இணையப்பக்கம் எழுதும் மொழியான எச்.டி.எம்.எல் 5 இன்படி 'பி' என்றால் கண்ணில் படட்டும், அவ்வளவுதான். 'ஸ்ட்ரோங்' என்றால் விஷயமே முக்கியம் அல்லது அவசரம். கிரியை நேரம் மாறிவிட்டது என்ற வரிக்கு 'ஸ்ட்ரோங்' பொருத்தம். உறவுகளின் பெயர்களுக்கு 'பி' போதும். மாற்றிப் போட்டாலும் குடி முழுகாது, பார்வையற்றோருக்குத் திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் திரைவாசிப்பான்கள் பெரும்பாலும் இந்த வித்தியாசத்தைச் சொல்வதில்லை. இறந்தவரின் பெயரைத் தடிப்பாக்கித் தலைப்புப்போல விடுவதுதான் உண்மையான பிழை. அதற்கு முதன்மைத் தலைப்புக்கான 'எச்1' (h1) டேக் வேண்டும்; தலைப்புத் தலைப்பாகத் தாவிக் கேட்பவருக்கு வெறும் தடிப்பு அகப்படாது.

சாய்வில்தான் தமிழுக்குச் சிக்கல். எழுத்தைச் சாய்த்துக் காட்டும் 'ஐ' (i), அழுத்தம் சொல்லும் 'எம்' (em) இரண்டும் ஆங்கிலத்துக்கு அழகு, அங்கே சாய்வெழுத்தைத் தனியாகவே வரைந்திருக்கிறார்கள். நிர்மலா யூ.ஐ, நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற எழுத்துருக்களில் அப்படி ஒன்று இல்லை. பிரவுசர் நேர் எழுத்தையே பிடித்துச் சரித்துவிடும். சின்னப் போனில் அம்மம்மா அதை வாசிக்கப் படும் பாடு! அழுத்தம் தேவையான இடத்தில் 'எம்' இருக்கட்டும்; பக்கத்தின் தோற்றத்தை எழுதும் சி.எஸ்.எஸ்ஸில் சாய்வை எடுத்துவிட்டு நிறமோ தடிப்போ கொடுங்கள். அடிக்கோடு வேண்டாம், லிங்க் என்று நினைத்துத் தட்டுவார்கள்.

எழுத்துருவையும் நிறத்தையும் குறிக்கும் 'ஃபொண்ட்' (font) டேக்கை இன்னும் சிலர் விடுவதில்லை. பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவின் காலத்தில் அது இல்லாமல் முடியாது: உள்ளே கிடந்தது ஆங்கில எழுத்துகள், எழுத்துரு மாட்டினால்தான் தமிழ். தமிழ் எழுத்துகளுக்கே தனிக் குறியெண் தரும் யூனிகோடு வந்தபின் அந்தத் தேவை போய்விட்டது. 1997இல் வந்த எச்.டி.எம்.எல் 4 பதிப்பே 'ஃபொண்ட்' டேக்கைக் கைவிடச் சொல்லிவிட்டது. சி.எஸ்.எஸ் என்றால், எல்லா அறிவித்தல்களின் நிறத்தையும் ஒரே வரியில் மாற்றலாம். 'ஃபொண்ட்' என்றால் ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டும்.

ஒரு விலக்கு மட்டும் உண்டு. அதே அறிவித்தல் கனடாவுக்கும் லண்டனுக்கும் ஈமெயிலில் போகிறதென்றால், சில மெயில் செயலிகள் வெளியே வைத்த சி.எஸ்.எஸ்ஸைத் தூக்கி எறிந்துவிடும். அங்கே அந்தந்த டேக்குக்குள்ளேயே 'ஸ்டைல்' எழுதுவதுதான் வழி.