மியாமியா, டோக்கியோவா? ஒரே மார்க் வாங்கிய இரண்டு ரேஸ் படங்கள்

'ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ்' வரிசையில் 2003இல் வந்த, மியாமியில் நடக்கும் '2 ஃபாஸ்ட் 2 ஃபியூரியஸ்', 2006இல் வந்த 'டோக்கியோ டிரிஃப்ட்' இரண்டையும் விமர்சகர்கள் அன்று ஒரே மாதிரிதான் கிழித்துத் தொங்கவிட்டார்கள். விமர்சனங்களைத் தொகுத்து மார்க் போடும் ராட்டன் டொமேட்டோஸ் தளத்தில் இரண்டுமே 40 சதவீதத்தைத் தொடவில்லை. வசூலில்தான் வித்தியாசம்: மியாமி படம் உலகம் முழுக்க சுமார் 23.6 கோடி டாலர் அள்ளியது. டோக்கியோ படம் 16 கோடியைக்கூட எட்டவில்லை. ஆக, வெளிவந்த நேரத்துக் கணக்குப்படி ஜெயித்தது மியாமிதான். அந்தத் தீர்ப்பு எனக்கு ஏற்புடையதல்ல.

மியாமி படத்தின் மீது விமர்சகர்களுக்கு இருந்த கோபத்துக்கு ஒரு நியாயம் உண்டு. இயக்குநர் ஜான் சிங்கிள்டன். 'பாய்ஸ் இன் த ஹுட்' படத்துக்காக 24 வயதிலேயே சிறந்த இயக்குநருக்கான ஆஸ்கர் பரிந்துரை பெற்றவர். அவரிடமிருந்து வெறும் கலர் கலர் கார்களா என்ற ஏமாற்றம் இயல்புதான். முதல் பாகத்தின் நாயகர்களில் ஒருவரான வின் டீசல் இல்லாத குறை வேறு. ஆனால் பால் வாக்கரும் டைரீஸ் கிப்சனும் வண்டிக்குள் உட்கார்ந்து சண்டை போட்டுக்கொள்ளும் இடங்களில் படத்துக்கு உயிர் இருக்கிறது. ரேஸ் காட்சிகளில்தான் அது போய்விடுகிறது. தூக்கி நிற்கும் பாலத்தைக் கார் தாண்டும்போது, ஓட்டுகிறவனின் கை என்ன செய்தது என்று நமக்குத் தெரிவதே இல்லை. கார் பறக்கிறது, அவ்வளவுதான்.

டோக்கியோ படத்தில் இயக்குநர் ஜஸ்டின் லின் பிடித்த இடம் அதுதான். பார்க்கிங் கட்டடத்தில் நடக்கும் முதல் பந்தயத்தைப் பாருங்கள். டிரிஃப்ட், அதாவது வளைவில் காரை வழுக்கவிட்டுத் திருப்பும் வித்தை, என்னவென்றே தெரியாத நாயகன் ஷான், அவனுக்குக் குருவாகும் ஹான் கொடுத்த நிசான் சில்வியா காரை ஒவ்வொரு வளைவிலும் சுவரில் மோதிக்கொண்டே மேலே ஏறுகிறான். எதிராளியின் கார் அதே வளைவில் பின்பக்கம் வழுக்கி அழகாகத் திரும்புகிறது. ஒரு வசனம் இல்லாமல், இந்த வித்தை எவ்வளவு கஷ்டம் என்று நமக்குப் புரிந்துவிடுகிறது. அதன் பிறகு துறைமுகத்தில் அவன் தப்பும் தவறுமாகப் பழகும்போது, தூண்டில் போட்டபடி பார்த்துச் சிரிக்கும் ஆள், நிஜ டிரிஃப்ட் ஜாம்பவான் கெய்ச்சி சுச்சியா. தொழில் தெரிந்தவர்களைக் கூட வைத்துக்கொண்டு எடுத்த படம் இது.

குறைகளும் கண்ணுக்குத் தெரிகின்றன. ஷானாக வரும் லூகாஸ் பிளாக்கைப் பள்ளி மாணவன் என்று நம்பவே முடியாது. ஜப்பானில் நடக்கும் கதையில் ஜப்பானியப் பாத்திரங்கள் மேலோட்டமாக நிற்கின்றன. விமர்சகர்கள் கதை, நடிப்பு என்று குறை சொன்னதில் பொய்யில்லை. ஆனால் கார் ஓட்டுவதைப் பற்றிய படத்தில் கார் ஓட்டுவது எப்படிப் படமாகியிருக்கிறது என்பதையல்லவா முதலில் எடைபோட வேண்டும்? அமெரிக்க விமர்சகர் ரோஜர் ஈபர்ட் இரண்டுக்குமே நான்குக்கு மூன்று நட்சத்திரம் தந்தார். பின்னாளில் கிறிஸ்டோபர் நோலனே டோக்கியோ படத்தின் மேல் தனக்குத் தனிப் பிரியம் உண்டு என்று சொன்னார்.

ரசிகர்களின் தீர்ப்பு இன்னும் அழுத்தமானது. டோக்கியோவில் செத்துப்போன ஹானை விட மனமில்லாமல், அடுத்த மூன்று பாகங்களின் கதையையும் அவன் சாவுக்கு முந்தைய காலத்தில் வைத்தார்கள். மியாமி படத்தின் பங்கையும் மறுக்கக் கூடாது. 2011இல் ஐந்தாம் பாகத்துக்கு விமர்சகர்கள் ஒருவழியாகக் கைதட்டியபோது, ரியோ கொள்ளைக் கும்பலில் ஹானுக்குப் பக்கத்தில் நின்ற ரோமனும் (டைரீஸ் கிப்சனின் பாத்திரம்) தேஜும் மியாமி படத்திலிருந்து வந்தவர்கள். இயக்கியவர் ஜஸ்டின் லின்.